ஏரிக்கரை குடியிருப்போர் குழு: கலங்கல் ஓடை மேல் ரோடு

மூன்றாவது தெரு அக்கா: காலையில் ஏரிக்கரையில் நடக்கப் போனவர்கள் யாராவது கவனித்தீர்களா? கல்லூரி கட்டுகிற இடத்துக்கு லாரி போய்வர, ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து போகிற கலங்கல் ஓடைக்குக் குறுக்கே இரண்டு சிமெண்டுக் குழாயைப் போட்டு, மேலே கிராவல் கொட்டி ரோடாக்கிவிட்டார்கள். எருமைகள் வரிசையாக இறங்கி நிற்கிற அகலம் இருந்த ஓடை அது. இப்போதே ஒரு குழாய் வாயில் பாதிக்கு மண் அடைத்துக் கிடக்கிறது. போட்டோ போட்டிருக்கிறேன், பெரிதாக்கிப் பாருங்கள்.

பால் பூத் அண்ணன்: பார்த்தேன்மா. வாட்ச்மேனிடம் கேட்டால் தற்காலிகம்தான், கட்டடம் முடிந்ததும் எடுத்துவிடுவோம் என்கிறார்.

மூன்றாவது தெரு அக்கா: கட்டடம் முடிய எப்படியும் ரெண்டு மழைக்காலம் போகும் அண்ணே. ஐப்பசி அதுவரை காத்திருக்குமா?

கடைசி தெரு மாமா: 2015 டிசம்பரில் ஓடை திறந்திருந்தபோதே எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். அம்மாவை நாற்காலியோடு தூக்கி மாடியில் வைத்தோம். இந்த வருஷம் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் தண்ணீர் எங்கே திரும்பும்? எங்கள் தெருவுக்குத்தான்.

ஏ பிளாக் தம்பி: நான் சொல்வதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கல்லூரி வந்தால் நல்லதுதானே, நம் பிள்ளைகள் பஸ், ரயில் என்று அலைய வேண்டாம். நம் லேஅவுட்டும் ஒரு காலத்தில் அந்த ஏரித் தண்ணீரில் விளைந்த வயல்தான். நாம் வீடு கட்டலாம், அவர்கள் கட்டக்கூடாது என்றால் யார் நம் பேச்சைக் கேட்பார்கள்?

வாத்தியார் ஐயா: தம்பி கேட்பது நியாயமான கேள்வி. அதனால்தான் சொல்கிறேன், 'கல்லூரி வேண்டாம்' என்று மனு எழுதாதீர்கள், எழுதினால் அதை ஓரமாக வைத்துவிடுவார்கள். நாம் கேட்க வேண்டியது ஓடையை மட்டும். பட்டா நிலத்தில் அவர்கள் கட்டட்டும், ஆனால் ஓடை எந்த சர்வே எண்ணில் போகிறது, அகலம் என்ன, எந்த நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்கிற அ-பதிவேட்டில் அது நீர்நிலைப் புறம்போக்கு என்று இருக்கிறதா, இதை முதலில் பார்ப்போம். அ-பதிவேடும், நிலத்தின் அளவு வரைபடமான புலப்படமும் வருவாய்த்துறையின் இணையதளத்திலேயே கிடைக்கும், யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. அப்புறம், இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ) திட்ட அனுமதி கொடுக்கும்போது, தண்ணீர் தேங்கும் இடமா என்று பார்த்து நீர்வளத்துறை தடையின்மைச் சான்று கொடுக்க வேண்டும். அந்தச் சான்றில் ஓடையைப் பற்றி என்ன நிபந்தனை போட்டிருக்கிறார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம். பத்து ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும்.

மாடி வீட்டு அக்கா: சுற்றுச்சூழல் அனுமதி என்று ஒன்று இருக்கிறதே ஐயா, அது கல்லூரிக்குக் கிடையாதாமே?

வாத்தியார் ஐயா: மொத்தக் கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் வேண்டும்மா. கல்வி நிறுவனக் கட்டடங்களுக்கு ஒரு விலக்கு கொடுத்திருந்தார்கள், அதை உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் ரத்து செய்துவிட்டது. இவர்கள் பரப்பு எவ்வளவு என்று அதே மனுவில் கேட்டுவிடலாம்.

பால் பூத் அண்ணன்: கோர்ட், கேஸ் என்று போனால் வருஷக்கணக்கில் இழுக்கும் சார். மழைக்கு முன்னால் குழாயை எடுக்க என்ன வழி?

வாத்தியார் ஐயா: அதற்குத் தனி மனு. திங்கட்கிழமை குறைதீர் நாளில் செங்கல்பட்டு கலெக்டர் ஆபீஸில் நேரில் கொடுப்போம், நகல் நீர்வளத்துறைக்கும் தாம்பரம் மாநகராட்சிக்கும். நம் பக்கத்து ஏரிகளெல்லாம் ஒன்றோடொன்று கோத்தவை, சிட்லபாக்கம் நிரம்பினால் செம்பாக்கம், அங்கிருந்து கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்த்த இடம் அது. நடுவில் ஒரு ஓடையை அடைத்தால் மேலே இருக்கிற தெருவும் மூழ்கும், கீழே இருக்கிற ஏரியும் காயும். மனுவில் இதை எழுதுங்கள். குழாய்க்குப் பதில் ஓடையின் முழு அகலத்துக்கும் பாலம் போட்டு லாரி ஓட்டட்டும் என்றும் எழுதுங்கள். முடியாததை நாம் கேட்கவில்லை.

ஏ பிளாக் தம்பி: இப்படி என்றால் நானும் கையெழுத்துப் போடுகிறேன் ஐயா. புலப்படத்தை இன்று ராத்திரி இறக்கி இங்கே போடுகிறேன்.

கடைசி தெரு மாமா: கல்லூரி நிர்வாகத்திடமும் ஒரு வார்த்தை நேரில் பேசிவிடலாமே. தண்ணீர் திரும்பினால் அவர்கள் அஸ்திவாரத்துக்கும் ஆபத்துதானே.

மூன்றாவது தெரு அக்கா: பேசலாம் மாமா, ஆனால் மனு கொடுத்து ரசீது வாங்கிய பிறகு. போன தடவை 'பார்க்கிறோம்மா' என்று டீ கொடுத்து அனுப்பினார்கள், அதற்குப் பிறகுதான் இந்த ரோடே வந்தது.

வாத்தியார் ஐயா: சரிதான். 2015-ல் யார் வீட்டில் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்று ஒவ்வொருவரும் கதவு எண்ணோடு எனக்குத் தனியாக அனுப்புங்கள், சுவரில் கறை இருந்தால் அதையும் போட்டோ எடுங்கள்.

பால் பூத் அண்ணன்: கையெழுத்துத் தாள் பூத்தில் இருக்கும். பால் வாங்க வரும்போது போட்டுவிட்டுப் போங்கள். திங்கட்கிழமை செங்கல்பட்டுக்கு என் வண்டியில் நாலு பேர் வரலாம், வருபவர்கள் பெயர் சொல்லுங்கள்.

மாடி வீட்டு அக்கா: நான் வருகிறேன்.

கடைசி தெரு மாமா: நானும்.