எக்செப்ஷன்: ‘விதிவிலக்கு’ வேண்டாம், ‘முறையீடு’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

நிரல் ஓடும்போது தொடர முடியாத நிலை வந்தால் எழும் ‘எக்செப்ஷனு’க்குத் தமிழில் ‘விதிவிலக்கு’ ஏற்கெனவே இருக்கிறதே, அதை ஏன் கலைக்க வேண்டும் என்று இந்த இழையில் இருவர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். ஊன்றிவிட்ட சொல்லைப் பிடுங்குவதில் எனக்கும் தயக்கம் உண்டு. ஆனாலும் இதை மாற்றத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நடந்த ஒன்று. மருந்துக்கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் ஒன்றில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். தரமணியில் அலுவலகம். சரக்கிருப்புக்கு ஒரு தொகுதி (மாட்யூல்), வரிக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று என்று பிரித்து எழுதியிருந்தோம். தமிழ்த் திரை என் பொறுப்பு. ஒருநாள் மந்தைவெளிப் பக்கம் ஒரு கடையிலிருந்து போன் வந்தது. கல்லாவில் இருந்த அம்மா, “பிழை ஏற்பட்டதுன்னு வருது தம்பி, நான் எதைத் தப்பா அழுத்தினேன்னு தெரியலை” என்றார். குரலில் பயம் இருந்தது. அவர் எதையும் தப்பாக அழுத்தவில்லை. கணினியின் வட்டில் இடம் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். சரக்கிருப்புத் தொகுதி கோப்பில் எழுத முடியாமல், முடியவில்லை என்பதற்கு அடையாளமாக -1 என்று திருப்பித் தந்தது. வரித் தொகுதி அந்த -1ஐயும் ஓர் எண்ணாக எடுத்துக்கொண்டு கணக்கில் சேர்த்தது. அச்சுத் தொகுதிக்கு வந்தபோது தொகை பொருந்தவில்லை. அது ‘பிழை ஏற்பட்டது’ என்று காட்டிவிட்டு நின்றுபோனது. வட்டு நிறைந்த செய்தி நடுவழியில் தொலைந்துவிட்டது. திரையில் வந்த அந்த வாக்கியத்தை எழுதியவன் நான்.

அன்றிலிருந்து ‘பிழை’ என்ற சொல்லை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். தமிழில் பிழை என்றால் யாரோ ஒருவர் செய்தது. பிழை பொறுத்தருள்க என்று கோவிலில் நின்று சொல்கிறோம். அதைத் திரையில் போட்டால் முன்னால் உட்கார்ந்திருப்பவர் தன்னைத்தான் குற்றவாளியாக நினைப்பார். இணையப் பக்கங்களைக் கேட்டுப் பெறும் முறையான எச்டிடிபியில்கூட இந்தப் பாகுபாடு உண்டு: 400 வரிசை எண்கள் கேட்டவர் பக்கத் தவறு, 500 வரிசை வழங்கியின் (சர்வர்) பக்கத் தவறு. நாம் எல்லாவற்றுக்கும் ஒரே ‘பிழை’யைப் போட்டு இரண்டையும் குழப்பிவிட்டோம்.

இப்போது ‘விதிவிலக்கு’. அந்தச் சொல்லைக் கேட்டதும் தமிழ் மனதில் வருவது சலுகை. வரிவிலக்கு, வயதுவரம்பில் விலக்கு என்பதுபோல, விதி இவருக்குப் பொருந்தாது, போகட்டும் என்று விடுவது. நிரலில் நடப்பதோ நேர் எதிரானது. ஒரு தொகுதி தன்னால் தொடர முடியாத நிலையில் நிற்கிறது. தன்னை அழைத்தவர் கவனித்தே ஆக வேண்டும் என்கிறது. போதாக்குறைக்கு, எக்செப்ஷனை எழுப்பும் ‘த்ரோ’ என்ற கட்டளையை ‘எறி’ என்று மொழிபெயர்த்தோம். தமிழில் எறிவது என்றால் வேண்டாம் என்று வீசுவது. ‘விதிவிலக்கு எறியப்பட்டது’ என்று முதலாண்டு மாணவர் படித்தால், ஏதோ சலுகையைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்றல்லவா நினைப்பார்? ஒரு வகுப்பில் மாணவர் ஒருவர் இப்படிக் கேட்டதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

எக்செப்ஷன் என்ற கருத்து எப்படி வந்தது என்று பார்த்தால் வழி கிடைக்கிறது. கணினியியலாளர் ஜான் குடினஃப் 1975இல் எழுதிய கட்டுரையில், ஒரு செயலின்போது கண்ட நிலைமையை அந்தச் செயலை அழைத்தவரின் கவனத்துக்குக் கொண்டுபோவதையே மையமாக வைத்தார். ஏடா, பைத்தான் ஆகிய நிரல்மொழிகளில் ‘ரெய்ஸ்’, அதாவது ‘எழுப்பு’, என்றுதான் இருக்கிறது. எறிதல் சி பிளஸ் பிளஸ், ஜாவா வழியாக நமக்கு வந்த பழக்கம். மேலே இருப்பவர் கவனத்துக்கு ஒன்றைக் கொண்டுபோவதற்குத் தமிழில் நல்ல சொல் இருக்கிறது: முறையிடுதல். எக்செப்ஷன் முறையீடு. யாரும் கவனிக்காமல் நிரலை நிறுத்திவிடுவது கேட்பாரற்ற முறையீடு. இதை விளக்கத் தனியாக ஒரு வரி வேண்டியதில்லை.

என் அப்பா வருவாய்த் துறையில் இருந்தவர், சேப்பாக்கம் எழிலகத்தில் பல வருடம். இந்தச் சொல்லை அவரிடம் சொன்னபோது அவர் கோப்பு நகரும் விதத்தை விளக்கினார். வந்த மனு நடப்புக் கோப்பில் இருக்கும். ஒவ்வொரு மேசையும் தன் கருத்தைக் குறிப்புக் கோப்பில் எழுதி மேலே அனுப்பும். மனுவில் ஒரு எழுத்தைக்கூட யாரும் திருத்தக் கூடாது. தொகுதிகளுக்கிடையே முறையீடு நகர வேண்டிய விதமும் இதுதான். சரக்கிருப்புத் தொகுதி ‘வட்டில் இடமில்லை’ என்கிறது. வரித் தொகுதியால் அதைத் தீர்க்க முடியாவிட்டால், ‘இந்தப் பில்லுக்கு வரி கணக்கிடும்போது’ என்று தன் குறிப்பைச் சேர்த்து மேலே அனுப்பட்டும். மூல முறையீடு உள்ளே அப்படியே இருக்கட்டும். ஜாவாவில் காரணத்தை உள்ளே வைத்துப் பொதிவதும், கோ மொழியில் பிழை மதிப்பைச் சுற்றிக் கட்டுவதும் இதைத்தான் செய்கின்றன. எனவே ரஸ்ட், கோ போல, முறையீட்டை எழுப்பாமல் ஒரு மதிப்பாகத் திருப்பித் தரும் மொழிகளுக்கும் இந்தச் சொல் பொருந்தும். வாயால் சொன்னாலும் தாளில் கொடுத்தாலும் முறையீடு முறையீடுதானே.

முறையீடும் தரவும் ஒரே பாதையில் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் -1 சின்ன உதாரணம். பெரிய உதாரணம் 1996 ஜூன் 4. ஐரோப்பாவின் ஏரியன் 5 ஏவூர்தியின் முதல் பயணம். ஏரியன் 4இலிருந்து அப்படியே எடுத்துவந்த ஒரு தொகுதி, 64 பிட் மிதவைப்புள்ளி எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றப்போய் எண் கொள்ளாமல் முறையிட்டது. கேட்பார் இல்லை. அப்படி வந்தால் வன்பொருள் கோளாறு என்று கருதி, அந்தத் தொகுதி ஓடிய திசையறியும் கருவி நின்றுவிடும்படி வடிவமைத்திருந்தார்கள். மாற்றுக் கருவியிலும் அதே நிரல் ஓடியதால் அதுவும் நின்றிருந்தது. நின்ற கருவி அனுப்பிய கோளாறுக் குறிப்பை முதன்மைக் கணினி பறக்கும் தரவாக எடுத்துக்கொண்டு ஏவூர்தியைத் திருப்பியது. சுமார் 40 விநாடியில் எல்லாம் முடிந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் அந்த வரித் தொகுதி எனக்கு நினைவுக்கு வரும்.

அப்புறம் ஒன்று, இது தமிழுக்கே உரியது. திரையில் வரும் வாக்கியத்தை எந்தத் தொகுதியும் தானே எழுதக் கூடாது. ஆங்கிலத்தில் ‘திறக்க முடியவில்லை’ என்பதை முன்னால் எழுதிவிட்டுக் கோப்பின் பெயரைப் பின்னால் ஒட்டிவிடலாம். நமக்கு வினை கடைசியில் வரும், பெயரோடு உருபு சேரும். ‘அச்சுப்பொறி’ ‘அச்சுப்பொறியில்’ ஆகும், ‘வட்டு’ ‘வட்டில்’ ஆகும். இயந்திரம் ஒட்டினால் ‘வட்டுஇல்’ என்று வந்து நிற்கும். எனவே தொகுதி முறையீட்டின் குறியீட்டையும் மதிப்புகளையும் மட்டும் தரட்டும். வாக்கியத்தை வெளி அடுக்கு அமைக்கட்டும். அதை ‘அறிவிப்பு’ என்போம். ‘பிழை’ அங்கே வேண்டாம். ‘வட்டில் இடம் இல்லை, பழைய பில்களை நீக்கிவிட்டு மீண்டும் முயலவும்’ என்றிருந்தால் அந்த அம்மா பயந்திருக்க மாட்டார்.

எக்செப்ஷனுக்கு ‘வழுவமைதி’யைப் பரிந்துரைத்தவருக்கு: நல்ல சொல், ஆனால் இடம் வேறு. நன்னூல் பாடத்தில் படித்திருப்போம், பசுவை ‘என் அம்மை வந்தாள்’ என்பது உவப்பினால் வந்த வழுவமைதி. குறை என்று தெரிந்தும் காரணத்தோடு ஏற்பது அது. இணையப் பக்கத்தில் மூடாமல் விட்ட குறிச்சொல்லை (டேக்) உலாவி தானே மூடிக்கொண்டு பக்கத்தைக் காட்டுகிறதே, அதற்கு இந்தச் சொல் கச்சிதம். நிரலில் நாம் செய்துவைத்த குறைக்கு ‘வழு’ ஏற்கெனவே நன்றாகப் புழங்குகிறது, அதைத் தொட வேண்டாம்.

‘மனு’வையும் யோசித்தேன், அது கோரிக்கைக்கு மிக அருகில் போய்விடுகிறது. முறையீட்டைக் கேட்டுக் கவனிக்கும் நிரல்பகுதியான ஹேண்ட்லருக்கு ‘முறைகேட்பி’ என்று எழுதிப் பார்த்தேன். வாய்விட்டுச் சொன்னால் ‘முறைகேடு’ என்று காதில் விழுகிறது. ‘கையாளி’யே இருக்கட்டும்.

எனக்கு இன்னும் முடிவாகாதது, வந்த முறையீட்டை மேலே அனுப்புவதற்கான சொல். ‘மேல்முறையீடு’ கையருகே இருக்கிறது, ஆனால் அது ஒரு தீர்ப்பை எதிர்த்துப் போவது. இங்கே நடுவில் இருப்பவர் தீர்ப்பே சொல்லவில்லை. ‘மேலனுப்பு’ என்று இப்போதைக்கு எழுதிவைத்திருக்கிறேன். அலுவலகத் தமிழில் இதற்குப் புழங்கும் சொல் உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆவணத்தின் நான்காம் அத்தியாயத்தை மொழிபெயர்க்க உட்காருகிறேன், அந்தச் சொல் அதில் 31 இடத்தில் வருகிறது.

அன்புடன்.