ஊற்று கரிக்கிறது, நான்கு மனு கொடுத்தாகிவிட்டது. இனி எங்கே போவது?

கழிக்கரை:
தொண்டிக்குத் தெற்கே, உப்பங்கழியை ஒட்டிய ஊர் எங்களுடையது. குடிநீருக்கு மணல் ஊற்றுதான். அம்மா சிரட்டையால் கோரிக் குடத்தில் ஊற்றுவார். இரண்டு ஆண்டுகளாக அது கரிக்கிறது. ஊற்றிலிருந்து அறுபது அடியில் இறால் பண்ணையின் வரப்பு. அறுவடை முடிந்து குளத்தைத் திறந்துவிட்டால் கறுப்புத் தண்ணீர் கழியில் இறங்கும். அன்றிரவு ஊரில் யாருக்கும் சோறு இறங்காது. திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் நான்கு மனு கொடுத்தேன். "உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்பதே நான்குக்கும் பதில். சட்டம் என்று ஒன்று இருக்கிறதா, இல்லையா?

பழைய எழுத்தர்:
மகளே, அந்த வரியைப் பல ஆண்டுகள் எழுதியவன் நான். எழுதினால் கோப்பு என் மேசையை விட்டு நகரும். அதற்கு வேறு பொருள் கிடையாது.

சட்டம் இருக்கிறது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு, 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. சென்னையில் இருக்கும் அந்த ஆணையத்தில் பதிவு செய்யாமல் பண்ணை நடத்தக்கூடாது. குடிநீர் ஆதாரத்திலிருந்து 100 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தை ஒட்டி வந்த வழிகாட்டு நெறி. உங்கள் அறுபது அடி இருபது மீட்டர்கூட இல்லை.

ஆகவே ஐந்தாவது மனுவில் "நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதாதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கட்டி, சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, பண்ணையின் பதிவுச் சான்றிதழ் நகலையும் கள ஆய்வு அறிக்கையையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். "பதிவு இல்லை" என்று வந்தால் அதைவிட நல்ல சாட்சி வேறில்லை.

உப்புக்காற்று:
நானும் பண்ணை வைத்திருக்கிறேன், பதிவு செய்து. எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள். மழை பொய்த்த ஆண்டில் இந்தக் கரையில் பண்ணையே இல்லாத ஊரிலும் ஊற்று கரிக்கும். இன்னொன்று: 2023 திருத்தத்தில் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டார்கள், இப்போது அபராதம்தான். உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று நம்பியிருக்க வேண்டாம்.

பழைய எழுத்தர்:
அவர் சொல்வதில் பாதி நியாயம். அதனால்தான் தண்ணீரைச் சோதிக்கச் சொல்கிறேன். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் இரண்டு புட்டி கொடுங்கள்: ஒன்று உங்கள் ஊற்று, மற்றொன்று பண்ணைக்கு எட்டாத ஊற்று. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை. இரண்டு புட்டிக்கும் உள்ள வித்தியாசம் பேசட்டும்.

சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போவதென்றால் கெடு உண்டு. தடுக்கச் சொல்லிப் போக ஆறு மாதம், தவறினால் தக்க காரணம் காட்டி மேலும் அறுபது நாள். அது உங்களுக்குக் கடந்திருக்கலாம். இழப்பீடும் சீரமைப்பும் கேட்க ஐந்து ஆண்டு. முதன்முதலில் கரித்தது எந்த நாள் என்று சொல்ல முடியுமா?

கழிக்கரை:
அம்மாவிடம் கேட்டேன். அண்ணன் மகளுக்குக் காதுகுத்து நடந்த அன்று பாயசம் கரித்துவிட்டது, சமையற்காரரைத்தான் எல்லாரும் திட்டினார்களாம். பத்திரிகையைப் பரணில் தேடிக்கொண்டிருக்கிறேன்.