பட்டிதொட்டி என்று போடலாமா?

(குழு: தாத்தா வீடு, உசிலம்பட்டி ரோடு)

தேவி: பெரியப்பா, பொங்கல் விளையாட்டு விழா நோட்டீஸ் எழுதியாச்சு. முதல் வரி, "எங்கள் பட்டிதொட்டிக்கு அனைவரும் வருக!" சரியா?

அத்தை: ஏன்டி, நாமே நம் ஊரைப் பட்டிக்காடு என்று அச்சடித்து ஒட்டணுமா?

பெரியப்பா: பட்டிக்காடு வேறு, அது திட்டு. பட்டிதொட்டியில் கேவலம் ஒன்றும் இல்லை, ஆனால் தேவி, வரி தப்பு. ஒற்றை ஊரைக் காட்டிப் பட்டிதொட்டி என்று யாரும் சொல்வதில்லை. பெயர் தெரியாத சின்னச் சின்ன ஊர் அத்தனையையும் மொத்தமாக அள்ளிச் சொல்லும்போதுதான் அது வரும், அதனால்தான் பின்னாலேயே எங்கும், எல்லாம் என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். "பட்டிதொட்டியெல்லாம் இப்போது செல்போன்" என்கிறோமே, அப்படி.

கார்த்தி: பட்டி என்றால் என்ன பெரியப்பா?

பெரியப்பா: ஆடு மாடு அடைக்கிற இடம். அறுப்பு முடிந்த வயலில் கிடை போடுகிறார்களே, சுற்றி வலையைக் கட்டி ராத்திரி முழுக்க ஆட்டை அடைத்து வைத்தால் புழுக்கையும் மூத்திரமும் அப்படியே உரமாகிவிடும், அந்த மாதிரி அடைப்புதான். மாட்டுப் பொங்கலுக்குத் தாத்தா "பட்டி பெருக, பால்பானை பொங்க" என்று தண்ணீர் தெளிப்பாரே, அதே பட்டி. பக்கத்தில் ஆளும் குடிசை போட்டால் அது ஊர். தொட்டியும் அந்த வகைதான். கன்னடத்தில் மாடு அடைக்கும் இடம் தொட்டி, மெட்ராஸில் ஆடு அறுக்கிற இடம் ஆட்டுத்தொட்டி.

கார்த்தி: அப்போ பட்டிமன்றம்?

பெரியப்பா:  அது அறிஞர்கள் கூடி வாதம் செய்கிற இடம்டா, மணிமேகலையிலேயே பட்டிமண்டபம் என்று வருகிறது.

சித்தி: உசிலம்பட்டி நகராட்சியே ஆகிவிட்டது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இன்னும் பட்டிதான். பெயரைப் பார்த்துச் சின்ன ஊர் என்று நினைத்தால் அவ்வளவுதான்.

தேவி: சரி, மாற்றுகிறேன். "பட்டிதொட்டியெங்கும் உள்ள சொந்தங்களே, வருக!"

பெரியப்பா: இப்போது சரி. இல்லையென்றால் "பதினெட்டுப்பட்டி சொந்தங்களே" என்று போடு, இன்னும் எடுப்பாக இருக்கும்.

அத்தை: அண்ணே, சும்மா இருங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு மூட்டை அரிசிதான் வாங்கியிருக்கிறோம்.