பொருள்: 'நாலெட்ஜ் டிரான்ஸ்லேஷன்' என்பதற்குத் தமிழ்க் கலைச்சொல்

அன்புடையீர்,

ஆய்வால் கிடைத்த அறிவை மக்களின் வாழ்விலும் நலவாழ்வுப் பணியிலும் பயனுக்குக் கொண்டுவருவதே 'நாலெட்ஜ் டிரான்ஸ்லேஷன்'. கனடாவின் நலவாழ்வு ஆய்வுத் துறையில் வேரூன்றிவிட்ட இச்சொல்லுக்குத் தமிழில் முன்வைக்கப்பட்ட சொற்களுள் 'அறிவுப் பெயர்ப்பு' மொழிபெயர்ப்பையே நினைவூட்டுகிறது. 'அறிவுச் செயலாக்கம்' தரவுச் செயலாக்கத்தோடு மயங்கும். 'அறிவுக் கடத்தல்' குறித்து எனக்குள்ள தடை இவற்றினும் பெரிது. ஆய்வாளர் தருபவர், ஊரார் வெறுமனே பெறுபவர் என்ற எண்ணத்தை அது நிலைநாட்டிவிடும். கனடாவின் வடபுல ஊர்களில் நன்றாக நடந்த பணிகள் அவ்வாறு நடக்கவில்லை.

கியூபெக் மாகாணத்தின் வடக்கே உள்ள நுனாவிக் பகுதியைப் பாருங்கள். அங்குள்ள பழங்குடியினரான இனுயிட் மக்கள் வால்ரஸ் என்னும் தந்தமுள்ள கடல்விலங்கின் இறைச்சியைப் பச்சையாகவும் புளிக்கவைத்தும் உண்பர். அதிலுள்ள டிரிக்கினெல்லா புழுவால் நோய் பரவியதுண்டு. நன்றாக வேகவைத்து உண்ணுங்கள் என்று அறிவுரை கூறி முடித்திருக்கலாம். ஆனால் புளித்த இறைச்சியாகிய இகுனாக் அவர்களுக்கு அருமையான மரபுணவு. ஆகவே வேட்டைக்காரர்கள் வால்ரஸின் நாக்கை அறுத்துக் கூஜுவாக் என்னும் ஊரில் இனுயிட் அமைப்பான மகிவிக் நடத்தும் ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள்; முடிவு தெரியும்வரை இறைச்சியைப் பங்கிடாமல் வைத்திருந்து, புழு இருந்தால் அதை விலக்கிவிடுகிறார்கள். சோதிப்பது ஆய்வகம், மாதிரியை எடுப்பதும் காத்திருப்பதும் ஊரார். இவர்கள் ஒத்துழையாவிட்டால் ஆய்வக முடிவால் எவருடைய உடல்நலமும் காக்கப்படாது.

எனவே, செய்பவர் யார் என்பதை மறைக்காத 'அறிவுப் பயன்கொள்ளல்' என்ற சொல்லை முன்மொழிகிறேன். 'கொள்ளல்' என்னும்போது வினைமுதல் ஊராராகிறார். 'நுனாவிக் ஊர்கள் இச்சோதனையைப் பயன்கொண்டன' என்று வினையாகவும் இயல்பாக வரும். 'ஆய்வுப் பயன்கொள்ளல்' போதுமே என்று கேட்கலாம். வேட்டை, பனி, விலங்கு பற்றி இனுயிட் மக்கள் தலைமுறைகளாகப் பெற்றிருக்கும் அறிவு, கனடாவின் வடபுல ஆட்சிப்பகுதியான நுனாவுட்டில் 'இனுயிட் கௌஜிமயாதுகாங்கிட்' எனப்படுவது, ஆய்வறிக்கைகளுக்கு வெளியே இருப்பது. அதற்கும் இடம் வேண்டும். இனுயிட் தேசிய அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வு உத்தியும் ஆய்வை ஆளும் உரிமை தம் மக்களுக்கு வேண்டும் என்றே வலியுறுத்துகிறது.

'நடைமுறைப்படுத்தல்' என்பதைச் சட்டம், திட்டம் ஆகியவற்றுக்கும் 'இம்ப்ளிமென்டேஷன்' என்பதற்கும் விட்டுவிடலாம். அதையும் 'அறிவுப் பயன்கொள்ளல்' என்பதையும் ஒன்றாக்க வேண்டாம்.