ஸ்லிதர்லிங்க் புதிர் பாதியில் நின்றுபோகிறது. ஊகிக்காமல் நகர வழி உண்டா?

மேலூர் மாணவன்:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் கல்லூரியில் படிக்கிறேன். இந்தியப் புதிர்ச் சாம்பியன்ஷிப்பின் இணையச் சுற்றில் கலந்துகொள்ள வேண்டும் என்பது என் பெரிய ஆசை. சுடோகு, ககுரோ, நூரிகபே மூன்றிலும் தட்டுத்தடுமாறாமல் முடித்துவிடுகிறேன். ஸ்லிதர்லிங்க் வந்தால் மட்டும் நேரம் கரைகிறது.

விதி தெரியாதவர்களுக்கு: புள்ளிகளை இணைத்து ஒரே ஒரு மூடிய வளையம் வரைய வேண்டும். அது தன்னைத்தானே வெட்டவோ தொடவோ கூடாது, கிளை பிரியக்கூடாது. கட்டத்துக்குள் இருக்கும் எண், அந்தக் கட்டத்தின் நான்கு பக்கங்களில் எத்தனை வளையத்தில் சேரும் என்பதைச் சொல்லும். எண் இல்லாத கட்டத்தைப் பற்றி எதுவும் சொல்லப்படவில்லை என்று பொருள்.

0 உள்ள கட்டத்தைச் சுற்றிப் பெருக்கல் குறி (இங்கே கோடு வராது என்ற அடையாளம்) போடுவது, ஒட்டியிருக்கும் இரண்டு 3களுக்கு இணையாக மூன்று கோடுகள் வரைவது, மூலைவிட்டமாக நிற்கும் இரண்டு 3களின் வெளிமூலைகளை வரைவது ஆகியவை எனக்குத் தெரியும். அவற்றை முடித்த பிறகு 2களும் வெற்றுக் கட்டங்களுமாக நடுப்பகுதி அப்படியே கிடக்கிறது. ஏதோ ஒரு கோட்டை ஊகமாக வரைந்து வெகுதூரம் போனபின், எங்கோ ஒரு குட்டி வளையம் மூடிக்கொண்டுவிட்டது தெரிகிறது. அழித்து அழித்துத் தாள் கிழிகிறது.

இப்போது கையில் இருப்பது 10க்கு 10. இரண்டு இடங்களில் நிற்கிறேன். ஒன்று, மேல் இடது மூலைக் கட்டத்தில் 2. வளையம் மூலையைச் சுற்றிப் போகிறதா, மூலையை விட்டு உள்பக்கமாகப் போகிறதா என்று முடிவு செய்ய முடியவில்லை. இன்னொன்று, ஐந்தாம் வரிசையில் நிற்கும் கோடுகளுக்கான (செங்குத்துக் கோடுகளுக்கான) 11 இடங்களில் மூன்றை வரைந்துவிட்டேன், ஏழு விலக்கப்பட்டுவிட்டன. மீதி ஒன்றின் இருபுறமும் எண்ணே இல்லை. இதை எப்படித் தீர்மானிப்பது?

கோ.புதூர் அக்கா:

தம்பி, எதில் பயிற்சி செய்கிறீர்கள்? கைப்பேசியிலா, தாளிலா? கணினி உருவாக்கிய புதிர்களா, மனிதர்கள் அமைத்தவையா? சைமன் டாத்தமின் இலவசத் தொகுப்பில் லூப்பி என்ற பெயரில் இதே புதிர் இருக்கிறது. கை பழக அது நல்லது. ஆனால் அவை நிரல் உருவாக்குபவை. போட்டியில் வருவதைப் பெரும்பாலும் ஒருவர் உட்கார்ந்து யோசித்து அமைத்திருப்பார். நுழைவதற்கு ஓர் இடத்தைத் திட்டமிட்டே வைத்திருப்பார். அந்த இடத்தைத் தேடும் பழக்கம் தனியாக வர வேண்டும்.

திருமங்கலம் கணக்காசிரியர்:

தம்பி, உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் ஒரே விடைதான். கோடுகளைப் பார்ப்பதைச் சற்று நிறுத்திவிட்டுக் கட்டங்களைப் பாருங்கள். ஒவ்வொரு கட்டமும் வளையத்துக்கு உள்ளே இருக்கும், அல்லது வெளியே இருக்கும். மூன்றாவது நிலை கிடையாது.

நம் ஊரை வைத்தே சொல்கிறேன். நான்கு மாசி வீதிகளும் சேர்ந்து ஒரு மூடிய வளையம். மீனாட்சி அம்மன் கோயில் அதற்கு உள்ளே, ரயில் நிலையம் வெளியே. கோயிலிலிருந்து ரயில் நிலையத்துக்குப் போகிறவர் எந்தச் சந்தில் புகுந்து எப்படிச் சுற்றினாலும் மாசி வீதிகளை ஒற்றைப்படை முறைதான் கடப்பார். கோரிப்பாளையத்திலிருந்து ரயில் நிலையத்துக்கு வருகிறவருக்கு இரண்டு முனையும் வெளியே. அவர் கடக்கும் எண்ணிக்கை இரட்டைப்படை, கடக்காமலே வந்தால் பூச்சியம். கணிதத்தில் இதற்கு அடிப்படை ஜோர்தான் வளைகோட்டுத் தேற்றம்.

உங்கள் ஐந்தாம் வரிசையை இடப்புறம் பலகைக்கு வெளியிலிருந்து வலப்புறம் வெளியே வரை கடந்து பாருங்கள். வெளியில் தொடங்கி வெளியில் முடிகிறது. ஆகவே வரையப்படும் நிற்கும் கோடுகள் இரட்டைப்படையாகத்தான் இருக்க முடியும். மூன்று வரைந்திருக்கிறீர்கள், மீதி ஒன்றே ஒன்று. அதை வரைந்தே ஆக வேண்டும். பக்கத்தில் எண் இருக்கிறதா இல்லையா என்பதே பொருட்டில்லை.

இனி மூலையில் உள்ள 2. அந்தக் கட்டம் உள்ளே என்று கொள்ளுங்கள். பலகைக்கு வெளியே உள்ள இரண்டு பக்கங்களிலும் கோடு வந்துவிடும், 2 நிறைவேறிவிடும். எனவே வலப்பக்கக் கட்டமும் கீழ்க்கட்டமும் அதனோடு சேர்ந்து உள்ளே. அது வெளியே என்று கொண்டால், விளிம்பில் கோடு கிடையாது; மற்ற இரண்டு பக்கங்களிலும் கோடு வர வேண்டும்; அப்போதும் அந்த இரண்டு கட்டங்களும் உள்ளே. மூலைக் கட்டம் எந்தப் பக்கம் என்று தெரியாமலேயே அதன் அண்டைக் கட்டங்கள் இரண்டும் உள்ளே என்பது உறுதியாகிறது. ஆகவே வலப்பக்கக் கட்டத்தின் மேல்விளிம்பையும் கீழ்க்கட்டத்தின் இடவிளிம்பையும் இப்போதே வரையலாம்.

இதே முறையில் எல்லா எண்களையும் வாசிக்கலாம். 3 உள்ள கட்டத்தின் அண்டைக் கட்டங்களில் இரண்டு ஒரே பக்கத்தவை என்று தெரிந்தால், 3 அவற்றுக்கு எதிர்ப்பக்கம். 1 உள்ள கட்டத்துக்கு அப்படி நேர்ந்தால், அது அவற்றின் பக்கமே. 2 உள்ள கட்டத்தின் அண்டையில் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே என்றால், மீதி இரண்டிலும் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. நடுப்பகுதியில் உங்களை நிறுத்திவைக்கும் 2கள் பெரும்பாலும் இந்தக் கடைசி விதியில் இளகும்.

குட்டி வளையம் பற்றிக் கேட்டீர்கள். நூரிகபே நன்றாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அது பெரிய பலம். அங்கே கறுப்புக் கட்டங்கள் துண்டாகாமல் பார்த்துக்கொள்கிறீர்கள் அல்லவா? இங்கே உள்கட்டங்கள் எல்லாம் பக்கம் பக்கமாகத் தொட்டு ஒரே கூட்டமாக இருக்க வேண்டும். வெளிக்கட்டம் ஒவ்வொன்றுக்கும் பலகையின் விளிம்பு வரை வெளிக்கட்டங்கள் வழியாகவே பாதை இருக்க வேண்டும். ஒரு கூட்டம் தனித்துப் போகப்போகிறது என்று தெரிந்தால், அதற்கு மீந்திருக்கும் ஒரே வாசல் கட்டாய நகர்வாகிவிடும். குட்டி வளையம் மூடிய பிறகு கண்டுபிடிக்க வேண்டியதில்லை, மூடும் முன்பே தடுக்கலாம். நான்கு கட்டங்கள் சதுரங்கப் பலகைபோல உள்-வெளி, வெளி-உள் என்று அமைவதும் கூடாது. நடுப்புள்ளியில் நான்கு கோடுகள் சந்தித்துவிடும்.

செல்லூர் வாசகர்:

ஆசிரியர் ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ஊகமே கூடாது என்ற எண்ணம் போட்டியில் உதவாது. நிற்கும் இடத்தில் ஒரு கோட்டை மனத்துக்குள் வரைந்து, இரண்டு மூன்று நகர்வுக்குள் முரண்பாடு வருகிறதா என்று பார்ப்பது முறையான வழிதான். பென்சிலைத் தாளில் வைக்காமல் எவ்வளவு தூரம் பார்க்க முடியுமோ அவ்வளவுதான் எல்லை. தம்பி, எந்த இடத்தில் சோதிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். வெற்று நடுப்பகுதியில் சோதித்தால் முரண்பாடு வர நெடுநேரமாகும். முனைகள் நெருங்கி, எண்கள் நிறைந்த இடத்தில் சோதித்தால் உடனே தெரியும்.

மேலூர் மாணவன்:

ஐயா, மிக்க நன்றி. ஐந்தாம் வரிசையில் அந்தக் கோட்டை வரைந்ததும், அதற்குக் கீழே இருந்த 2 முடிந்தது. அதிலிருந்து வலப்பக்கம் முழுவதும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தது. மூலையில் உள்ள 2 கடைசி வரை எந்தப் பக்கம் என்று தெரியாமலே இருந்தது, ஆனாலும் அதன் இருபுறமும் வரைந்த கோடுகள்தான் இடப்பக்கத்தைத் திறந்தன. புதிரை ஊகமே இல்லாமல் முடித்துவிட்டேன்.

அண்ணே, நீங்கள் சொன்ன சோதனையையும் அடுத்த புதிரில் செய்து பார்க்கிறேன். அக்கா, நான் கைப்பேசியில்தான் அதிகம் பழகினேன். இன்னும் இரண்டு சந்தேகங்கள். உள்கட்டங்களுக்கு நிழல் தீட்டினால் நேரம் போகிறது. நீங்கள் எல்லாம் எப்படிக் குறிக்கிறீர்கள்? போட்டியில் ஒரு புதிர் நின்றுவிட்டால் எப்போது அதை விட வேண்டும்?

கோ.புதூர் அக்கா:

தீட்ட வேண்டாம் தம்பி. உள்கட்டத்தில் ஒரு சிறு புள்ளி, வெளிக்கட்டத்தில் ஒரு சிறு சாய்கோடு போதும். எல்லாக் கட்டங்களிலும் போடத் தேவையில்லை. கோடு தானே காட்டாத இடங்களில் மட்டும் போடுங்கள். மென்மையான பென்சில் வாங்குங்கள். புதிர்களை அச்சிட்டுத் தாளில் பழகுங்கள். உங்கள் கல்லூரிக்கு அருகில் உள்ள ஜெராக்ஸ் கடையிலேயே முடியும், ஒரு தாளில் இரண்டு புதிருக்கு மேல் நெருக்க வேண்டாம்.

எப்போது விடுவது என்பதற்கு என் கருத்து: போட்டி தொடங்கும் முன்பே முடிவெடுத்துவிடுங்கள். இந்தியச் சாம்பியன்ஷிப்பை நடத்தும் லாஜிக் மாஸ்டர்ஸ் இந்தியா தளத்தில் போட்டிக்கு முன்பே விதிக் கையேடு வெளிவரும். என்னென்ன வகைப் புதிர்கள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை மதிப்பெண் என்று அதில் இருக்கும். அதை அச்சிட்டு, மாதிரிப் புதிர்களைத் தீர்த்து, உங்கள் கைக்கு வரும் வகைகளை முதலில் செய்யும்படி வரிசை போட்டுவையுங்கள். மதிப்பெண் அதிகம் என்பதற்காகப் பெரிய ஸ்லிதர்லிங்கில் முதலில் கை வைக்காதீர்கள். உலகப் புதிர்க் கூட்டமைப்பின் கிராண்ட் பிரீ சுற்றுகளிலும் கலந்துகொள்ளுங்கள்; 90 நிமிடச் சுற்றுகள், கட்டணம் இல்லை. கடிகாரத்தோடு பழக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. உலகச் சாம்பியன்ஷிப் 1992இல் நியூயார்க்கில் தொடங்கி, 2017இல் பெங்களூருவுக்கே வந்தது. நம் பக்கத்துப் பிள்ளைகள் அந்த மேசைகளில் உட்கார வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

திருமங்கலம் கணக்காசிரியர்:

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். புதிரை விட்டுவிட்டுத் திரும்பி வரும்போது, நின்ற இடத்திலேயே மறுபடி பார்க்காதீர்கள். முதலில் ஒவ்வொரு வரிசையிலும் நெடுவரிசையிலும் முடிவாகாத கோடு ஒன்றே ஒன்று இருக்கிறதா என்று ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இருந்தால் அது இலவசமாகக் கிடைக்கும் கோடு, அல்லது பெருக்கல் குறி. நெடுவரிசையில் கிடைக்கோடுகளை எண்ண வேண்டும், மறக்க வேண்டாம்.

மேலூர் மாணவன்:

சரி ஐயா. இன்று மாலையே பழைய தாள்களை எடுத்து, பாதியில் விட்ட புதிர்களில் இதைச் செய்து பார்க்கிறேன். நெடுவரிசையில் நிற்கும் இடம் ஏதாவது வந்தால் படம் வரைந்து இங்கேயே கேட்கிறேன்.