15,500 ரூபாய்க்கு நான்காம் தலைமுறை ஐ7: இப்போது வாங்கத் தகுமா?

தறிவீடு, நகரி

அனைவருக்கும் வணக்கம். நகரியில் எங்களுக்குப் பன்னிரண்டு விசைத்தறிகள் கொண்ட சிறு கூடம் ஒன்று இருக்கிறது. 2010இல் வாங்கிய கோர் 2 டியோ இ7500 கணினிதான் இதுவரை கணக்கு வேலைக்கு உழைத்தது. இப்போதெல்லாம் ஜிஎஸ்டி தளத்தைத் திறந்துவிட்டுப் போய் டீ குடித்துத் திரும்பினாலும் பக்கம் பாதிதான் வந்திருக்கிறது. ஆகவே இவ்வாண்டு மாற்றியே தீர வேண்டும் என்று முடிவு செய்துவிட்டோம்.

டேலி என்ற கணக்கு மென்பொருள், ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல், தமிழ்நாட்டுக்குத் துணி அனுப்பும்போது போடும் இ-வே பில், தமிழிலும் தெலுங்கிலும் கடிதம் அடிப்பது ஆகியவை அன்றாட வேலைகள். மாலையில் தங்கை அதே கணினியில் காணொளி வகுப்புகளைப் பார்ப்பாள், கொஞ்சம் பைத்தானும் பழகுவாள். விளையாட்டு எதுவும் கிடையாது. கையில் இருப்பது 20,000 ரூபாய்; பழைய மானிட்டரையே வைத்துக்கொள்ளலாம் என்பது எண்ணம்.

உள்ளூர்க் கடைக்காரர் ஐ7 4790 பிராசசர், புதிய எச்81 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்3 ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, கேபினட் எல்லாம் சேர்த்து 15,500 ரூபாய் என்கிறார். சென்னை ரிச்சி தெருவில் அலுவலகங்களிலிருந்து கழித்து விற்கும் ஐ5 8500 கணினி ஒன்றை 17,000 ரூபாய்க்குச் சொன்னார்கள். "ஏழு பெரியதா, ஐந்து பெரியதா? பெரியது குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது சிறியதை எதற்குக் கூடுதல் பணம் கொடுத்து வாங்குவது?" என்று அப்பா கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

கருவிப்பெட்டி, திருத்தணி

தம்பி, உங்கள் அப்பாவின் கேள்வியை என் கடைக்கு வரும் பத்துப் பேரில் எட்டுப் பேர் கேட்கிறார்கள், ஆகவே அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். ஐ5, ஐ7 என்பதெல்லாம் அந்தந்தத் தலைமுறைக்குள் யார் மூத்தவர், யார் இளையவர் என்று மட்டுமே சொல்லும். எந்தத் தலைமுறை என்பதை அதற்குப் பின்னால் வரும் எண்தான் சொல்லும். 4790 என்பது 2014இல் வந்த நான்காம் தலைமுறை, நான்கு கோர், எட்டு த்ரெட் (கோர்கள் ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை வரிசைகள்). 8500 என்பது 2018இல் வந்த எட்டாம் தலைமுறை, ஆறு கோர், ஆறு த்ரெட். பெரியப்பா வீட்டுக் கடைக்குட்டிக்கும் உங்கள் வீட்டு மூத்த பிள்ளைக்கும் வயதை ஒப்பிட வேண்டுமானால் பிறந்த ஆண்டைப் பார்க்க வேண்டுமே தவிர, எத்தனையாவது பிள்ளை என்று பார்த்துப் பயனில்லை.

இனி உங்கள் வேலைக்கு வருவோம். உண்மையைச் சொன்னால், டேலிக்கும் ஜிஎஸ்டி தளத்துக்கும் 4790 தாராளமாகப் போதும். எஸ்எஸ்டி போட்ட மூன்றாம் தலைமுறை ஐ3 கூட, வெறும் ஹார்ட் டிஸ்க்கோடு வந்த ஏழாம் தலைமுறை ஐ5ஐ முந்திக்கொண்டு திறப்பதை நான் மேசைமேல் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறேன். பழைய பிராசசர் அவ்வளவு எளிதில் கெடுவதுமில்லை. இத்தனை ஆண்டுகளில் கெட்டுப்போன பிராசசர் என்று நான் கையில் எடுத்தவை ஐந்தாறுக்கு மேல் இருக்காது. கிழடாவது அதைச் சுற்றி இருப்பவைதான்: போர்டின் கெப்பாசிட்டர்கள், மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி, ராம் செருகும் இடம், எல்லாவற்றுக்கும் மேலாக அதன்மேல் ஓட வேண்டிய விண்டோஸ்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் பட்டியல், மிகச் சில விதிவிலக்குகள் தவிர, இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். அந்தச் சோதனையைத் தாண்டிப் பழைய கணினியிலும் நிறுவிவிட முடியும், கடைக்காரரும் அப்படித்தான் நிறுவித் தருவார். ஆனால் அடுத்த பெரிய பதிப்பு தானாக வந்து சேராது, அது வரும்போதெல்லாம் நீங்கள் அவரைத் தேடிப் போக வேண்டும். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு வந்தபோது எஸ்எஸ்இ 4.2 என்ற கட்டளைத் தொகுப்பு இல்லாத பிராசசர்களில் அது எழுந்தே நிற்கவில்லை. உங்கள் இ7500 அந்தக் கூட்டத்தில் ஒன்று. 4790இல் அந்த வசதி இருப்பதால் இன்று ஓடும். நாளை எந்த வசதியைக் கேட்பார்கள் என்பது நம் கையில் இல்லை. வங்கிக் கணக்கும் ஜிஎஸ்டி கடவுச்சொல்லும் இருக்கும் கணினியில் இந்த விளையாட்டு வேண்டாம் என்பதே என் கருத்து.

அந்தப் "புதிய" எச்81 போர்டைப் பற்றியும் ஒரு சொல். எச்81 2013இல் வந்த சிப்செட். இப்போது புதிதாகக் கிடைப்பவை பெரும்பாலும் அதிகம் அறியப்படாத பெயர்களில் வருபவை. ராமுக்கு இரண்டே இடம், மொத்தம் 16 ஜிபிதான் ஏற்கும். 4790 இன்னமும் நல்ல விலைக்குப் போவதற்குக் காரணம் அதன் வேகம் மட்டுமல்ல. அந்த வகை போர்டில் பிராசசர் செருகும் சாக்கெட்டுக்கு அதுவே ஏறக்குறைய உச்சம் என்பதால் பழைய ஐ3 வைத்திருப்பவர்கள் எல்லாரும் அதைத்தான் தேடுகிறார்கள். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்கிற கதைதான்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்

கருவிப்பெட்டி அண்ணன் சொல்வதில் பிழை இல்லை என்றாலும், பழைய பிராசசர் என்றாலே தள்ளிவிட வேண்டும் என்கிற பயம் படிப்பவர்களுக்கு வந்துவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன். பாலக்காட்டு எல்லையில் எங்கள் தேங்காய் மண்டியில் 2013இல் வாங்கிய ஐ5 3470 இன்றும் காலை ஏழு மணிக்கு எழுந்து இரவு எட்டு மணிக்குத்தான் படுக்கிறது. நடுவில் செய்ததெல்லாம் ஒரு சாட்டா எஸ்எஸ்டி போட்டதும், ஒற்றை 4 ஜிபி ராமோடு இன்னொன்றைச் சேர்த்ததும், விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் மின்ட் போட்டதும்தான். மலையாளத்திலும் தமிழிலும் பில் அடிக்கிறோம், எந்தக் குறையும் இல்லை. லினக்ஸுக்குப் பிராசசரின் வயதைக் கேட்கும் வழக்கம் கிடையாது.

மின்சாரம் அதிகம் இழுக்கும் என்று சிலர் மிரட்டுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: சும்மா இருக்கும்போது பழைய கணினி புதியதைவிட 20 வாட் கூடுதலாக எடுக்கிறது என்றே வைத்துக்கொண்டு, நாளுக்கு எட்டு மணி நேரம், ஆண்டுக்கு முந்நூறு நாள் ஓடினால் 48 யூனிட் வருகிறது. யூனிட் எட்டு ரூபாய் என்றாலும் ஆண்டுக்கு 384 ரூபாய். இதற்காகப் புதியது வாங்க வேண்டியதில்லை.

டியூஷன் அக்கா, சித்தூர்

தம்பி, தங்கை காணொளி வகுப்பு பார்ப்பாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில்தான் 4790 கொஞ்சம் முனகும். யூடியூப் பெரும்பாலும் விபி9 என்ற வடிவத்தில் காணொளியை அனுப்புகிறது. அதை முழுமையாக வன்பொருளிலேயே விரிக்கும் வசதி இன்டெல்லில் ஏழாம் தலைமுறையோடுதான் வந்தது. நான்காம் தலைமுறையில் அந்தச் சுமை பிராசசர் தலையில் விழும். படம் நிற்காது, ஆனால் விசிறி இரைந்துகொண்டே இருக்கும். எங்கள் டியூஷன் அறையில் இருந்த நான்காம் தலைமுறை ஐ3இல் இதை அனுபவித்தோம், காணொளியை எச்.264 வடிவிலேயே கேட்டு வாங்கும் ஒரு நீட்சியை உலாவியில் சேர்த்த பிறகு இரைச்சல் பாதியாகக் குறைந்தது. நான்கு கோர் கொண்ட 4790க்கு அந்த அளவு திணறல் இருக்காது என்றாலும், 8500இல் இந்தத் தலைவலியே இல்லை.

கொழிஞ்சாம்பாறைத் தம்பி லினக்ஸைச் சொல்கிறார், எனக்கும் அதில் பிரியம்தான். ஆனால் டேலி விண்டோஸுக்கானது என்பதையும், ஜிஎஸ்டி தாக்கலில் டிஜிட்டல் கையொப்பக் கருவியைச் செருகும்போது யாரைக் கூப்பிடுவது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

தறிவீடு, நகரி

மூவருக்கும் மிக்க நன்றி. 20,000 ரூபாய்க்குள் புதிய பாகங்களாகவே வாங்கிச் சேர்க்க முடியாதா? ஐ3 12100 நல்லது என்று ஒரு நண்பர் சொன்னார். மேலும், எங்கள் கூடத்தில் தறிகள் ஒன்றாக ஓடத் தொடங்கும்போது விளக்கே மங்கும். அதற்கு எந்தக் கணினி தாங்கும்?

கருவிப்பெட்டி, திருத்தணி

12100 மிக நல்ல பிராசசர். 2022இல் வந்தது, 4790 போலவே நான்கு கோர், எட்டு த்ரெட் என்றாலும் வேலையில் அதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆனால் அதற்கு எச்610 போர்டு, ராம், எஸ்எஸ்டி, கேபினட், நம்பகமான எஸ்எம்பிஎஸ் எல்லாம் புதிதாகச் சேர்த்தால் உங்கள் தொகைக்குள் அடங்காது. ஏஐ தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025இன் பிற்பகுதியிலிருந்து டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுமே ஏறிவிட்டன. உங்கள் கடைக்காரர் டிடிஆர்3 கணினியை மலிவாகக் காட்ட முடிவதற்கு அதுவும் ஒரு காரணம். தொகை முப்பதாயிரத்தைத் தாண்டினால் கண்ணை மூடிக்கொண்டு 12100 என்பேன். பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இல்லாததாகப் பார்க்க வேண்டும், எஃப் இருந்தால் உள்ளேயே கிராபிக்ஸ் இருக்காது, தனிக் கார்டு வாங்க வேண்டிவரும்.

கொழிஞ்சாம்பாறைத் தம்பியோடு எனக்குச் சண்டை இல்லை. அவர் சொல்வது கையில் இருக்கும் பழையதைக் காப்பாற்றுவது. நீங்கள் கேட்பது பழையதற்கு இன்று காசு கொடுப்பது. உங்களிடம் ஒரு 4790 ஏற்கெனவே இருந்திருந்தால் எஸ்எஸ்டி மட்டும் போடுங்கள் என்று சொல்லி இரண்டு வரியில் முடித்திருப்பேன்.

மின்னழுத்தத்துக்குப் பிராசசர் காரணமும் அல்ல, மருந்தும் அல்ல. ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்யும் ஏவிஆர் உள்ள லைன் இன்டராக்டிவ் யுபிஎஸ் ஒன்று வாங்குங்கள். கணினிக்குத் தறி மோட்டார் இல்லாத வேறு ஃபேஸிலிருந்து தனி லைன் இழுக்கச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மலிவு கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ், தறிக்கூடத்தில் ஓராண்டு தாண்டினால் அதிசயம். அலுவலகக் கணினிகளில் வரும் எஸ்எம்பிஎஸ் அதைவிட நன்றாகவே இருக்கும், ஆனால் அதன் இணைப்பு பலவற்றில் தனி வகை என்பதால் கெட்டால் கண்ட கடையில் மாற்று கிடைக்காது. இந்தக் குறையைத் தெரிந்துகொண்டே வாங்குங்கள்.

ரிச்சி தெருவுக்குப் போகும்போது அவசரப்படாதீர்கள். பக்க மூடியைத் திறக்கச் சொல்லி, கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்கிறதா, உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். கணினி எழும்போது முதலில் ஓடும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். பழைய நிறுவனம் போட்ட கடவுச்சொல் அப்படியே இருந்தால் அந்தப் பெட்டியைத் தொடாதீர்கள். விண்டோஸில் டிபிஎம் 2.0 தெரிகிறதா என்பதையும், எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதையும் பாருங்கள். ராம் ஒற்றைக் குச்சியாக இல்லாமல் இரண்டாக இருந்தால் நல்லது. கடைசியாக, அரை மணி நேரம் காணொளி ஓடவிட்டுக் காத்திருங்கள். காத்திருக்க விடாத கடையில் வாங்க வேண்டாம்.

தறிவீடு, நகரி

சனிக்கிழமை ஏகாம்பரகுப்பத்தில் ரயில் ஏறிச் சென்னை போய் வந்தேன். முதலில் காட்டிய பெட்டியில் பயாஸ் கடவுச்சொல் கேட்டது. கடைப் பையன் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்றான், நான் அடுத்த கடைக்கு நடந்தேன். இரண்டாவது கடையில் ஐ5 8500, நான்கு நான்காக 8 ஜிபி ராம், 256 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, ஆறு மாத வாரண்டி, 16,800 ரூபாய். முக்கால் மணி நேரம் காணொளி ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன், நாற்காலி கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, பழைய மானிட்டரில் விஜிஏ மட்டுமே இருக்கிறது, இந்தப் பெட்டியிலோ டிஸ்பிளேபோர்ட் மட்டுமே. பட்டியல் போட்டுப் பார்த்தும் இதை விட்டுவிட்டேன். திங்கட்கிழமை திருப்பதியில் இரண்டையும் இணைக்கும் அடாப்டர் ஒன்றை 450 ரூபாய்க்கு வாங்கி வந்து சேர்த்தேன். மீதிப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து யுபிஎஸ் வாங்கியாயிற்று. வேறு ஃபேஸிலிருந்து லைன் இழுக்க எலக்ட்ரீஷியன் இந்த வாரம் வருகிறார்.

பழைய கோர் 2 டியோவைப் பரணில் ஏற்றும்முன் ஆசைக்குத் திறந்து பார்த்தேன். விசிறிக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே தறிப்பஞ்சு படிந்து படிந்து கம்பளித் துண்டு போல இறுகியிருந்தது. நகத்தால் ஒரு மூலையைக் கிள்ளி இழுத்தேன், ஒரே தகடாக உரிந்து வந்தது. அடியில் பிராசசர்மேல் இருந்த, வெப்பத்தைக் கடத்தும் பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது. அதைத் துடைத்துப் புதிதாகத் தடவி ஓடவிட்டால் அந்தப் பழைய இரைச்சலே இல்லை. பதினைந்து ஆண்டுகளில் ஒருமுறையாவது திறந்திருக்கலாம். புதிய பெட்டியைக் கூடத்தில் வைக்காமல் வீட்டு முன்னறையில் வைத்திருக்கிறோம்.

கருவிப்பெட்டி, திருத்தணி

முன்னறையானாலும் உங்கள் வீட்டுக்குள் பஞ்சு வரத்தான் செய்யும், தம்பி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊதிவிடுங்கள். ஊதும்போது விசிறி சுழலாமல் ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.