பயோமார்க்கருக்குத் தமிழ்: 'குருதிக்குறி' சரிவருமா?

அன்பின் நண்பர்களுக்கு,

நுரையீரல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிய உதவும் இரத்தப் பரிசோதனைகள் பற்றிய துண்டுப்பிரசுரத்தில் 'பயோமார்க்கர்' (நோய் இருக்கலாம் என்று உணர்த்தும், உடலில் அளக்கக்கூடிய பொருள்) என்பதை எப்படி எழுதுவது என்று ஒரு கிழமையாகப் பேசுகிறோம். அக்கரைப்பற்று சேர் 'உயிர்க்குறி' என்றார். காத்தான்குடித் தம்பி 'குருதித்தடயம்' என்றார்.

'உயிர்க்குறி' என்றதும் நாடி, சுவாசம், உடல்வெப்பம், குருதியமுக்கம் என்று தாதிமார் குறித்துவைப்பதுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. அந்தச் சொல் அங்கேயே இருக்கட்டும். 'குருதித்தடயம்' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை எந்தச் செய்திகளோடு சேர்த்து வாசித்துப் பழகிய ஊர் இது என்று தம்பிக்கே தெரியும். பயந்துபோய் வரும் நோயாளியின் கையில் அந்தச் சொல்லைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. 'நோய்காட்டி' இன்னும் மோசம். அது இல்லாத உறுதியைத் தருகிறது.

போன மாதம் படுவான்கரையிலிருந்து ஒரு ஐயா ஆய்வுகூடத்துக்கு வந்தார். நெடுநாள் சுருட்டுக் குடித்தவர். வேறெங்கோ செய்த சீ.ஈ.ஏ. (சில புற்றுநோய்களில் குருதியில் கூடும் ஒரு புரதம்) பரிசோதனையின் அறிக்கையை நாலாக மடித்து, வெற்றிலைப் பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். மடிப்பில் கடதாசி கிழியத் தொடங்கியிருந்தது. அளவு எல்லையைவிடக் கொஞ்சம் கூட.

"மனே, இதில கென்சர் எண்டு போட்டுக் கிடக்கா?"

புகைப்பவர்களுக்கு நோய் இல்லாமலே அந்த அளவு சற்று உயரும், ஈரல் நோயிலும் உயரும், டொக்டர் மற்றப் பரிசோதனைகளையும் பார்த்துத்தான் சொல்வார் என்றேன்.

"மறுகா இது என்னத்தத்தான் சொல்லுது?"

அவர் பட்டி வைத்திருந்தவர் என்று பேச்சில் தெரிந்திருந்தது. ஆகவே மாட்டுக்குச் சுடுகிற குறி மாதிரி ஒன்று என்று சொல்லிப் பார்த்தேன். கொஞ்சம் யோசித்தவர் சொன்னார்: "குறியப் பாத்தா ஆர்ர மாடெண்டு தெரியும். அது ஏன் இஞ்ச வந்து நிக்குதெண்டு குறி சொல்லாது."

பயோமார்க்கருக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தப் பாடநூலிலும் வாசித்ததில்லை. அன்றிலிருந்து என் வாயில் 'குருதிக்குறி' என்றுதான் வருகிறது.

டி.என்.ஏ. பக்கம் இந்த உவமை இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. இறக்கும் கலங்கள் உதிர்க்கும் டி.என்.ஏ. துண்டுகள் எல்லோருடைய குருதியிலும் மிதக்கின்றன. 1948இலேயே பிரான்சில் மான்டெல், மெத்தே என்ற இருவர் இதைக் கண்டு எழுதிவிட்டார்கள். ஒரு துண்டு ஏறத்தாழ 166 இணை (டி.என்.ஏ. ஏணியின் படிகள்) நீளம். பெரும்பாலானவை வெண்குழியங்கள் உதிர்த்தவை. கட்டி சிறிதாக இருக்கும்போது அதிலிருந்து வந்த துண்டு ஆயிரத்தில் ஒன்றுகூட இருக்காது. மேய்ச்சல்தரை நிறைய மாடு நிற்க, அதற்குள் ஒரேயொரு குறிமாட்டைத் தேடுகிற வேலை. வயது போகப்போக வெண்குழியங்களிலும் விகாரங்கள் (டி.என்.ஏ.யில் ஏற்படும் மாற்றங்கள்) சேர்வதால், வேறு பட்டி மாட்டிலும் அதே குறி தென்படலாம். அதனால்தான் பல ஆய்வுக்குழுக்கள் வெண்குழிய டி.என்.ஏ.யையும் தனியாக வாசித்து ஒப்பிடுகின்றன. இந்தக் கட்டியிலிருந்து வரும் துண்டுக்கு 'கட்டியுதிர் டி.என்.ஏ.' என்று என் முன்மொழிவு.

அப்புறம், 'குறி' என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். 'அறிகுறி' என்று வாசிக்கும்போது யாரும் சிரிப்பதில்லை, இதற்கும் பழகிவிடுவார்கள். எனக்கு உண்மையில் யோசனை தந்தது இன்னொன்று: கோயிலில் குறி சொல்வது. இரத்தம் எதிர்காலத்தைச் சொல்கிறது என்று யாரும் எடுத்துவிடக் கூடாது. ஆகவே பிரசுரத்தில் 'குறி சொல்கிறது' என்று ஓரிடத்திலும் எழுத வேண்டாம். 'குறி தென்பட்டது', 'குறி தென்படவில்லை' என்றே எழுதுவோம்.

இந்தச் சொல்லிலிருந்து கிளைகளும் இலகுவாக வருகின்றன. சீ.ஈ.ஏ., சைஃப்ரா 21-1 போன்றவை புரதக்குறிகள். நோய் இல்லாதவரிடம் தென்பட்டால் பொய்க்குறி. இந்தப் 'பொய்க்குறி' நமக்குக் கட்டாயம் தேவை. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கடுமையாகப் புகைத்த 53,000க்கு மேற்பட்டவர்களைப் பரிசோதித்தார்கள். குறைகதிர் சீ.ரி. (குறைந்த கதிர்வீச்சில் உடலின் குறுக்குவெட்டுப் படம் எடுக்கும் பரிசோதனை) எடுத்தவர்களிடையே, சாதாரண எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட நுரையீரல் புற்றுநோய் இறப்பு 20 சதவீதம் குறைந்தது. ஆனால் சந்தேகத்துக்கிடமாகத் தெரிந்தவற்றில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோயே அல்ல. அந்தச் சந்தேகத்தைப் பிரித்தறியக் குருதிக்குறிகள் கைகொடுக்குமா என்றுதான் இப்போது தேடுகிறார்கள். சீ.ரி.க்குப் பதிலாக இதைச் செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் வாசகருக்கு வரவே கூடாது.

இன்னும் ஒன்று மீதியிருக்கிறது. நோய் இருந்தும் குறி தென்படாவிட்டால் என்ன சொல்வது? 'தவறிய குறி' என்று எழுதிப் பார்த்தேன், இலக்குத் தவறியது போல ஒலிக்கிறது. 'மறைகுறி' எப்படி? தம்பி, அச்சுக்குக் கொடுக்க முன் உங்கள் உம்மாவிடம் ஒருதரம் வாசித்துக் காட்டி, அவருக்கு என்ன விளங்கிற்று என்று எழுதுங்கள்.